லோகுவின் மரு

“எடுத்த எடமே தெரியக்கூடாது டாக்டரம்மா. எதுல எடுத்தா நல்லது? உறைய வெச்சா, லேசர்லயா?”

கேட்டவள் அங்காளம்மா. கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் விற்பவள். கேளம்பாக்கத்தில் டாக்டரே இல்லாத மாதிரி, பஸ் பிடித்துத் தாம்பரம் வந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் லோகு. இடது கன்னத்தில் மிளகளவுக்குக் கறுப்பாய் ஒரு மரு.

தோல் டாக்டர் ஷீலாவுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது.

“உறைய வெச்சா செலவு கம்மி. ஆனா கொப்புளம் வரும், ரெண்டு மூணு தடவை வரணும், கொஞ்ச மாசம் வெள்ளையா தழும்பு நிக்கலாம். லேசர்னா மரத்துப்போக ஊசி போட்டு ஒரே தடவையில எடுத்துடலாம். பார்த்தா சாதாரண மருதான். விட்டுட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

“லேசரே வெச்சுக்கலாம். எடுத்ததுக்கு ஒரு சீட்டும் எழுதிக் குடுத்துடும்மா. சீல் வெச்சு.”

“சீட்டு எதுக்கு?”

“கடலுக்குப் போனவரு ஒம்போது வருசமா காணோம். செத்துட்டாருன்னே ஊரு முடிவு பண்ணிச்சு. போன மாசியில தாடியும் மீசையுமா வந்து நின்னாரு. யாருக்கும் அடையாளம் தெரியல. இந்த மருவப் பாத்துதான் பஞ்சாயத்துல லோகுன்னு ஒத்துக்கினாங்க. இல்லாங்காட்டி ரெண்டு பேரையும் ஊரவுட்டே தொரத்தியிருப்பாங்க. இப்ப மரு திடீர்னு காணாம போனா சும்மா வுடுவாங்களா?”

“அப்ப ஏம்மா எடுக்கணும்?”

“வலையில மாட்டிக்கினு ரத்தம் வருதும்மா.”

ஷீலாவுக்கு மனசு இளகிவிட்டது. பாவம், ஒன்பது வருஷம் பூவும் பொட்டும் இல்லாமல் கிடந்தவள்!

“எனக்கு ஒண்ணும் வோணாம். வூட்டுக்குப் போலாம்” என்று லோகு முனகினான்.

“சும்மா படுய்யா!” என்று அங்காளம்மா அதட்டினாள்.

ஊசி போடுமுன் ஸ்பிரிட் பஞ்சால் ஷீலா அவன் கன்னத்தைத் துடைத்தாள். மரு பஞ்சோடு வந்துவிட்டது!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னம் மழமழவென்று இருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடக் கடவுளே! இத்தனை மாசமாய் எவனோ ஒருவனைப் புருஷன் என்று நம்பிக் குடும்பம் நடத்துகிறாளே! இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

பஞ்சை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள். “நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா” என்றாள்.

அங்காளம்மா எழுந்து போய், கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு வந்தாள்.

“பஞ்சுல வந்துடுச்சா டாக்டரம்மா? எம்புருசன் கடலோட போயிட்டாருன்னு எனக்குத் தெரியாதா? இவரு நல்ல மனுசன். தெனம் காலையில நான்தான் ஒட்டி வுடறேன். கடல் தண்ணி பட்டா பசை நிக்க மாட்டேங்குது, ஒரே பேஜார். லேசர்ல எடுத்தாச்சுன்னு அந்தச் சீட்ட மட்டும் எழுதிக் குடும்மா!”