எட்டாவது பிளக்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. மின்சாதனங்களைச் சோதிக்க வந்தவனை, வீட்டை ஜப்தி செய்ய வந்தவனைப் போலப் பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

மேலாளர் அம்மாவின் மேஜைக்கடியில் இருந்த ஹீட்டர் சோதனையில் தேறவில்லை. தொட்டால் ஷாக் அடிக்கும். தேறாததை மறுபடி யாரும் செருகிவிடக் கூடாது என்பதற்காக பிளக்கை வெட்டிவிடுவது என் வழக்கம். சுவரிலிருந்து உருவி, நாலு விரற்கடை ஒயரோடு வெட்டினேன். வெட்டிய துண்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

"வெட்டியாச்சா? வருஷா வருஷம் உங்களுக்கு இதே வேலை" என்றார் அந்த அம்மா.

"நான் இந்தக் கட்டடத்துக்கு வர்றதே இதுதாம்மா முதல் தடவை."

"அதையும்தான் வருஷா வருஷம் சொல்றீங்க."

மேஜை டிராயரை வெடுக்கென்று இழுத்தார். உள்ளே ஏழு பிளக்குகள் கிடந்தன. ஏழிலும் நாலு விரற்கடை ஒயர், சிவப்பு ஸ்டிக்கர். ஏழு வெவ்வேறு வருடங்கள். கையெழுத்து என்னுடையது. என் கையிலிருந்ததையும் பிடுங்கி அவற்றோடு எறிந்து, டிராயரை அறைந்து சாத்தினார்.

"கிளம்புங்க. உங்க மூஞ்சியப் பார்த்தாலே எனக்குக் கால் சில்லிட்டுப் போகுது."

பையை எடுக்கக் குனிந்தேன். மேஜைக்கடியில் ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. அதன் பிளக் முழுசாகச் சுவரில் செருகியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்திருந்தார்.