ஸ்பிரிங் வாஷர்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. ஃபியட் காரில் ஒரு ஹாம் ரேடியோவைப் பொருத்த ஸ்டாண்ட் வேண்டும் என்றேன்.

பட்டறைக்காரர் மருதாசலம் ரேடியோவைத் தூக்கிப் பார்த்தார். "மூலை நசுங்கியிருக்குதுங்களே?"

"விழுந்துருச்சுங்க. இன்னொரு தடவை விழக் கூடாது. ஆனா திருப்பற மாதிரி வேணும்."

அவர் ஒரு ஸ்டாண்டை எடுத்து, அதன் நட்டை விரலாலேயே முடுக்கினார். "இந்த ஒரு நட்டுத்தானுங்க. வேணுங்கற பக்கம் திருப்பிக்கலாம்."

"நட்டு கழலாம இருக்க ஸ்பிரிங் வாஷர் போடலீங்களா?"

"எதுக்குங்க? லாரியில பாட்டுப் பெட்டியே இதுலதான் நிக்குது."

"காருக்குப் போட்டிருக்கீங்களா?"

"போன ஆடியில ஒரு அம்மணிக்குப் போட்டேன். இதே மாதிரி ரேடியோ. கார் ஓட்டிக்கிட்டே ஊர் ஊராப் பேசுவாங்களாம். எங்கூட்டுக்காரிக்குக் காருல ஏறுனாலே மயக்கம்." சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "நட்டு லூசாகலீங்களா?"

"ஆகியிருந்தா வந்து சண்டை புடிச்சிருப்பாங்க. விவரமான அம்மணிங்க. அப்புறம் இந்தப் பக்கமே வரலியே."

பையிலிருந்து நெளிந்த ஸ்டாண்ட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதில் நட்டு இல்லை. தான் வைத்த வெல்டிங்கை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"திருச்செங்கோடு ரோட்டுல ஒரு பள்ளம். ரேடியோ கழண்டு பிரேக்குக்கு அடியில சிக்கிருச்சுங்க."

"அம்மணி எப்படி இருக்காங்க?"

"அவளால வர முடியலீங்க. நான் அவ வீட்டுக்காரன்."