மூன்றாவது கிண்ணம்

கம்பெனி வக்கீல் மூன்று கண்ணாடிக் கிண்ணங்களை நீதிபதியின் மேஜையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் கோதுமை.

"இதுதான் இவங்க வித்த லட்சணம், ஐயா."

தானியக்கடைக்காரரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் போய் எட்டு மாதமாகிறது. வழக்கு போகவில்லை, வாரிசு என்று அவளைத் தேடி வந்துவிட்டது.

கோதுமையை வாங்கிய கம்பெனி வழக்கில் இரண்டு கேட்டது. கெட்ட சரக்குக்கு ஈடு. கூடவே, நாணயமில்லாத வியாபாரிகள் பட்டியலில் கடையின் பெயர்.

இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி செருகி, வந்த மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து விற்ற மனுஷன். டக்கென்று உடையாத கோதுமையை வண்டியேற்ற விடமாட்டார். அவருக்கு நாணயமில்லையாம்.

"அண்ணி, ஒத்துக்கிட்டுப் போயிடலாம். இவங்ககூட நம்மால மல்லுக்கட்ட முடியாது" என்று கொழுந்தன் காதோரம் முணுமுணுத்தான்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

முதல் கிண்ணத்தில் ஈரக் கோதுமை. இறக்கிய மூட்டையை இரண்டு நாள் மழையில் போட்டுவைத்தது யார் என்று வக்கீல் சொல்லவில்லை.

இரண்டாவதில் மண். அடுக்கு சரிந்து, சாக்கு கிழிந்து, தரையில் கொட்டியதைக் கூட்டி அள்ளினால் மண் வராமல் வேறென்ன வரும்?

"அடுக்கு சரிஞ்சதுக்கும் இவங்க கொடுத்த இத்துப்போன சாக்குதான் காரணம்" என்றார் வக்கீல், வாய் கூசாமல்.

அடுக்கு சரிந்த அன்று காலை கம்பெனி குடோனிலிருந்து அவள் கணவர் போனில் கத்தியது அவள் காதிலேயே இருந்தது. எடைகூடப் போடாமல், மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னாமல், இருபது வரிசை நெட்டுக்குத்தாக ஏற்றுகிறார்கள். சொன்னால் சிரிக்கிறார்கள்.

எடை போடும்வரை சரக்கு விற்றவர் பொறுப்பு. அதுதான் வியாபார வழக்கம். எடை முடியாமல் அவர் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.

வக்கீல் மூன்றாவது கிண்ணத்துக்குள் விரலைவிட்டு அளைந்தார். மணிகள் பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன.

"இது கறை பிடிச்சது. மூணு மூட்டை. குடோன் கிழக்கு வாசல், அடி வரிசை."

"என்ன கறை?" என்று நீதிபதி கேட்டார்.

"வித்தவங்களைத்தான் கேக்கணும், ஐயா."

அவள் எழுந்தாள்.

"அந்த மூணு மூட்டையையும் எங்கிட்டத் திருப்பிக் கொடுத்துடச் சொல்லுங்க, ஐயா."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கெட்டுப்போன கோதுமையை வச்சு என்னம்மா செய்யப் போறீங்க?"

"கிழக்கு வாசல், அடி வரிசை" என்றாள் அவள். "அங்கேருந்துதான் அவரை எடுத்தாங்க."



வக்கீலின் விரல்கள் இன்னும் கிண்ணத்துக்குள்ளேயே இருந்தன.