நீலப் போர்வை

“யோவ், அந்தப் போர்வையை இப்பவே அழி!”

முட்டைக்கோஸ் நறுக்கிய கத்தியோடு பண்ணைக்காரி மைக்கன் பீர்க்கடை வாசலில் வந்து நின்றதும், ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்திருந்த ஓவியன் லீவன் முக்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கடைச் சுவரில் மாட்டுவதற்காக அவன் ஊர்த் திருவிழாவைத் துணியில் வரைந்துகொண்டிருந்தான்.

படத்தில் ஊரே இருந்தது. பன்றியைத் துரத்துகிறவன், துருத்திக்குழல் ஊதுகிறவன், வேலியோரம் வாந்தியெடுக்கிறவன். நட்டநடுவில் மைக்கனின் புருஷன் யோஸ், நீலப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றான்.

பெண்டாட்டியிடம் ஏமாந்த புருஷனுக்குத்தான் அந்தப் பக்கத்துப் படங்களில் நீலப் போர்வை போடுவார்கள். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் அது தெரியும்.

“என் மானத்தை வாங்கணும்னே வண்டியேறி வந்தியா?”

“சாயம் பூசுறது என் பொழப்பு. உங்க வீட்டு விவகாரம் எனக்கெதுக்கும்மா?”

“அப்போ பழுப்பைப் பூசு.”

“முடியாது.”

“ஏன் முடியாது? வானத்துக்கே சாம்பலைப் பூசி வச்சிருக்கே. ஆத்துக்குச் சேத்து நிறம். என் வீட்டுக்காரர் மேல மட்டும் அப்படி என்ன தாராளம்?”

“கடைக்காரர் குடுக்கிற கூலிக்கு மண்ணும் கரியும்தான் கட்டுப்படியாகும்” என்றான் லீவன், அவள் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காற்றாலையில் மாவரைக்கும் வௌட்டரோடு மைக்கனுக்கிருந்த சங்கதி அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. குடித்துவிட்டு உளறியிருப்பான், பாழாய்ப் போனவன்! யோஸ் சாயங்காலம் கடைக்கு வந்து இந்தப் படத்தைப் பார்த்தால் அவளை வீட்டைவிட்டே துரத்திவிடுவான். பண்ணை அவனுடையது. அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

“அந்த மாவு மூஞ்சிதானே உன்கிட்ட சொன்னான்?”

“யாரு, காற்றாலைக்காரரா? அவரை நான் பார்த்தது கூடக் கிடையாதே!”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த கணம் ஆத்திரம் தலைக்கேற, கத்தியை ஓங்கிப் படத்தின்மேல் பாய்ந்தாள். லீவன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

“துணி கிழிஞ்சா உன் தோலை உரிச்சு அதுல வரைவேன்!”

கத்தி கீழே விழுந்தது. மைக்கனின் குரலும் இறங்கியது.

“ஐயா, உங்க காலைப் பிடிக்கிறேன். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. அவரு ஒரு வெகுளி, மாட்டை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அவர் வர்றதுக்குள்ள அழிச்சிடுங்க!”

லீவன் அவள் கையை விட்டான்.

“நீலத்துக்குத் தனியா காசு குடுத்ததே அவருதாம்மா.”