லாரித் தையல்

"ஏம்மா, ஒரு மழைக்காலங்கூடத் தாங்குலியே. இதென்ன தையலு?"

படகை மூடும் கித்தானைக் கடை நடுவில் விரித்துப் போட்டார் அர்த்தநாரி. அவருடைய மீன்பிடிப் படகு டேமில் நிற்கிறது. அதற்காகப் போன வருஷம் ஹஃப்ஸாவிடம் தைத்து வாங்கிய கித்தான். இப்போது பின்பாதித் தையல் முழுக்க நைந்து வாயைப் பிளந்திருந்தது.

கோவிந்தாபுரத்தில் லாரிப் படுதா தைக்கிறவர்களில் ஹஃப்ஸாவுக்குத்தான் வாய் அதிகம். தன் தையலில் குறை சொல்ல இனி ஒருத்தர் பிறந்து வர வேண்டும் என்பாள். அன்றைக்குப் பார்த்து மூன்று லாரி டிரைவர்கள் படுதாவோடு வாசலில் நின்றிருந்தார்கள். பேர் கெட்டால் நேரே பொள்ளாச்சிக்குப் போய்விடுவார்கள்.

"என் நூல் அறாதுங்கண்ணா. பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அர்த்தநாரி சும்மா இருக்கவில்லை. படகு வேலைக்குத் தெம்பான ஆள்தான் வேண்டுமாம். கை நோவுது என்று சொன்ன ஒருவனைப் போன மாதம்தான் கணக்குத் தீர்த்து அனுப்பினாராம். மிச்சமிருப்பது ரமேஷ்குமார் மட்டும். பத்து வருஷமாக அவரிடம் இருப்பவன். கித்தானைக் கரைக்குக் கொண்டுபோய் மூடுவதும் எடுப்பதும் அவன் பொறுப்பு. வலது கையை வயிற்றோடு சேர்த்தபடி ஓரமாக நின்றிருந்தான்.

ஹஃப்ஸா மடிப்புக்குள் விரலை விட்டாள். விரலில் என்னவோ ஒட்டியது. ஏதோ சொல்ல நிமிர்ந்தவள், ரமேஷ்குமாரைப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதாங்கண்ணா," என்றாள், வாசல்வரை கேட்கும்படி. "ஓடுற லாரிக்குக் காத்து முன்னால இருந்து வரும். அதுக்குத் தக்கன மடிப்ப வெப்போம். நிக்கிற படகுக்கும் அப்படியே தெச்சுட்டேன். கணவாய்க் காத்து பின்னால அடிச்சு நூலத் தின்னுருச்சு."

அர்த்தநாரிக்குப் பரம திருப்தி. வாய் மட்டும் நீளமாக இருந்தால் போதுமா என்று டிரைவர்களைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேர் படுதாவைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். ஹஃப்ஸா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மனசு என்னவோ வலிக்கத்தான் செய்தது.

சாயங்காலம் கித்தானை எடுக்க ரமேஷ்குமார் தனியாக வந்தான். புரட்டிப் பார்த்தான். பின்பாதித் தையல்மேல் எல்லாம் தடித்த நைலான் பெல்ட் வைத்துத் தைத்திருந்தது. முன்னால், இடது கையால் பிடிக்கத் தோதாக ஒரு கைப்பிடி.

"மடிப்புக்குள்ள பூராச் சரளை மண்ணுங்கண்ணா," என்றாள் ஹஃப்ஸா மெதுவாக. "கை சரியாகுற வரைக்கும் தரையில இழுத்துக்கிட்டே போங்க. இனித் தேயாது. நான் தெச்சதாக்கும்."