ஆறு மணி அணில்

“நல்லா ஓடுற டிவியைக் கெடுத்துக் குடுக்கணுமா? ரிப்பேர் பண்ணத்தான் சார் நான் கடை வெச்சிருக்கேன்!” என்றார் மெக்கானிக்.

“மெதுவாப் பேசுங்கண்ணே.” கார்ட்டூன் ஓவியர் அறைக் கதவைச் சாத்தினார். “விடுமுறை ஸ்பெஷலா நான் வரைஞ்ச அணில் படம் இன்னிக்கு ஆறு மணிக்கு வரும்னு பொண்ணுகிட்ட எப்பவோ பீத்திக்கிட்டேன். சேனல்காரங்க கையை விரிச்சுட்டாங்க. படம் எடுக்கவே இல்லை. தெரிஞ்சா புள்ள உடைஞ்சு போயிடுவா.”

மெக்கானிக் முனகிக்கொண்டே டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கேபிள் ஒயர் ஏற்கெனவே துண்டாகிக் கிடந்தது.

“எனக்கு வேலையே இல்லை சார். யாரோ முந்திக்கிட்டாங்க.”

“எலியா இருக்கும். மகராசனா இருக்கட்டும்!” என்று ஓவியர் பெருமூச்சு விட்டார்.

வாசலில் செருப்பை மாட்டிய மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் மகள்.

“அங்கிள், ஒயரை வெட்டினது நான்தான். அப்பாகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க.”

“ஏம்மா வெட்டினே?”

“அணிலுக்கு நான்தான் குரல் குடுக்கணும்னு அப்பா சொல்லியிருந்தாரு. இதுவரைக்கும் என்னை யாரும் கூப்பிடவே இல்லை. அப்புறம் எங்கேருந்து படம் வரும்? ஆறு மணி ஆனா அப்பா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு, பாவம்!”