குரல் உயர்ந்தால் உதிரும் பூக்கள்

வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் பூக்களை உதிர்த்துவிடும் சீனியாச் செடிகளை அரசாங்கம் எல்லார் தோட்டத்திலும் நட்டு மூன்று வருடமாகிறது. கோடைதோறும் ஆய்வாளர் வந்து, பூக்களைப் பார்த்து, அமைதியான குடும்பத்துக்குச் சான்றிதழ் தருவார். இந்தக் கோடையில் தேவசகாயம் வீட்டில்தான் தெருவிலேயே அதிகப் பூக்கள்.

"இப்படி ஒரு ஒற்றுமையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என்னம்மா ரகசியம்?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"பையன் வண்டியில போய் விழுந்து செத்ததுலேருந்து நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல சார்" என்றாள் தேவசகாயத்தின் மனைவி ஜெபராணி.

ஆய்வாளரின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார். தேவசகாயம் வந்து பேனாவை வாங்கினார்.

அந்தக் கையைப் பார்த்ததும் ஜெபராணி கத்தினாள். "அன்னைக்கு வண்டிச் சாவிய ஏன் அவன்கிட்ட குடுத்தீங்க?"

நாலு பூக்கள் விழுந்தன.

"குடுக்காம இருந்திருக்கணும்டி! தினமும் அதைத்தான் நினைக்கிறேன்!" என்று அவரும் கத்தினார்.

இருவரும் கத்தி, அழுது ஓய்ந்தபோது செடிகளில் இலைகள் மட்டுமே இருந்தன. ஆய்வாளர் சான்றிதழைப் பைக்குள் வைத்தார்.

ஜெபராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சும்மா" என்றார் ஆய்வாளர்.

அவள் கேட்டது அவரை அல்ல.